ஆயிரத்து நூற்று நாற்பது வினாடி

தஞ்சாவூர்
9 ஜூன் 2024

சுடர்விழிக்கு,

உன் எண்ணுக்குக் கூப்பிட்டால் ஒரு மணி அடித்து அறுந்துவிடுகிறது. நீ என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. இருபத்திரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள் நான். தபாலை யாரும் தடுக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். கிழிப்பதென்றாலும் படித்துவிட்டுக் கிழி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று குணாவின் செல்போன் ரிப்பேர் கடையிலிருந்து அவன் லேப்டாப்பை எடுத்து வந்தது நான்தான். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என் தம்பியோடது, எனக்கு உரிமை இல்லையா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டேன். அப்படி எடுத்து வந்ததை ஆறு மாதமாகத் திறக்கவே இல்லை. போன வாரம்தான் திறந்தேன்.

உள்ளே அவன் கட்டிய கெர்னல்கள் இருக்கின்றன. நீ கடையில் உட்கார்ந்து கேட்டே அறிந்திருப்பாய்; எனக்கு அது பாடமாக மட்டுமே தெரியும். போனின் இரும்புக்கும் நாம் திரையில் பார்ப்பதற்கும் நடுவில் நின்று, எந்தப் பட்டன் அமுங்கியது, எங்கே சூடு ஏறியது என்று எல்லாவற்றையும் கவனிக்கிற நிரல். போனைத் தயாரித்த கம்பெனி அதன் மூல நிரலை வெளியிட்டாக வேண்டும் என்பது உரிமத்தின் விதி. அதை இறக்கி, தன் இஷ்டப்படி திருத்தி, மறுபடி கட்டி, தன் போனிலேயே போட்டுப் பார்ப்பது இவன் வேலை. இப்போது வேலை என்று எழுதுகிறேன். அவனிடம் விளையாட்டு என்றுதான் சொன்னேன்.

அவன் போன் உன்னிடம் இருக்கிறது. கெர்னல் எழுதுகிற ஒவ்வொரு குறிப்பையும் உடனுக்குடன் ஒரு கோப்பில் சேமிக்கும்படி அதில் செய்து வைத்திருந்தான் என்று லேப்டாப்பில் பார்த்தேன். அப்படியென்றால் நவம்பர் இருபத்து மூன்றாம் தேதி மாலையும் அதில் இருக்கும்.

ஊரில் பேசுவது உன் காதிலும் விழுந்திருக்கும். தவறித் தண்ணீரில் விழவில்லை, தானே இறங்கினான் என்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். போனை அனுப்புவாயா?

பிரகதீஸ்வரி

*

நெடுவாய்க்கால்
திருத்துறைப்பூண்டி வழி
20 ஜூன் 2024

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை.

போனை அனுப்ப மாட்டேன். அதை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும் என்று கடையில் எல்லாருக்கும் சொல்லி அனுப்புவோம். தினமும் உலைக்கு அரிசி அள்ளும்போது கையில் தட்டுப்படும். அதற்குப் பக்கத்தில் அள்ளிக்கொண்டு மூடிவிடுவேன்.

தானே இறங்கினாரா என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமா? அன்று மாலை மதகுக்குக் கிளம்புவதற்கு முன் வாசலில் நின்று மூன்று தடவை உங்களைக் கூப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று தடவையும் நீங்கள் எடுக்கவில்லை. காலேஜில் கூட்டம் என்று சாவு வீட்டில் எல்லாரிடமும் சொன்னீர்கள். அன்று தஞ்சாவூருக்கு மழை லீவு விட்டிருந்தார்கள் அண்ணி. டிவியில் ஓடியது. அன்று கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

என்ன நடந்தது என்று உங்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான்கு நாள் மழை. சம்பா நடவு முழுக்க முழுகிவிட்டது. மதகில் ஆகாயத்தாமரை அடைத்து வடிகாலில் தண்ணீர் இறங்கவில்லை. பக்கத்து வயல் வீரையன் அண்ணனும் இவரும்தான் போனார்கள். துறட்டி போதவில்லை என்று அண்ணன் இன்னொன்று எடுக்க வீட்டுக்குப் போனார். திரும்புவதற்குள் கரை முழுகிவிட, அக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். இவரைக் காணோம். ஏழரை மணிக்கு நம் வாசலில் வந்து நின்று, "குணா வூட்டுக்கு வந்துட்டானாம்மா?" என்றார். "உங்களோடதானண்ணே இருந்தாரு" என்றேன். அந்த மனுஷன் கையிலிருந்து துறட்டி தானாகக் கீழே விழுந்தது.

அதுவரை நான் பயப்படவே இல்லை. அடுப்படி ஜன்னலில் இருந்து பார்த்தால் மூன்று வயல் தாண்டி மதகு. இருட்டுகிற நேரத்தில் அங்கே வெளிச்சம் மினுங்கி மினுங்கித் தெரிந்தது. சரி, வேலை நடக்கிறது என்று நிம்மதியாக உலை வைத்தேன்.

சுடர்விழி

*

தஞ்சாவூர்
2 ஜூலை 2024

சுடர்விழிக்கு,

மழை லீவு என்பது உண்மைதான். மற்றதை எழுத இன்னும் தைரியம் வரவில்லை. எழுதுவேன்.

போன் இல்லாமலே ஒன்று செய்து பார்த்தேன். லேப்டாப்பில் அவன் விட்ட இடத்திலிருந்து கெர்னலைக் கட்டச் சொல்லி உத்தரவு கொடுத்தேன். நாற்பது நிமிஷம் மின்விசிறி இரைந்தது. கட்டி முடித்த ஒவ்வொரு கெர்னலும் தன்னை யார் கட்டினார், எந்த இயந்திரத்தில், எத்தனையாவது முறை, எந்தத் தேதியில் என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளும். அந்த வரியைத் தேடிப் பார்த்தேன். குணா, நெடுவாய்க்கால், 214, ஜூன் 28, 2024 என்று இருந்தது.

லேப்டாப் அவன் பெயரில் இருக்கிறது, அதனால் அப்படித்தான் எழுதும். இதை முதல் வருஷ மாணவிக்குக்கூட விளக்கிவிடுவேன். ஆனாலும் எழுந்துபோய் ஹாலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் இருநூற்றுப் பதின்மூன்றில் நிறுத்தியிருந்தான். பெயரை மாற்ற ஒரு நிமிஷம் போதும். மாற்றவில்லை.

இன்னொன்று. சத்தம் கூட்டும் பட்டனை அழுத்திப் பிடித்தால் டார்ச் எரியும்படி ஒன்று செய்திருந்தானே, நினைவிருக்கிறதா? பொங்கலுக்கு வந்தபோது காட்டினான். நான், "லைட் எரியறதுக்கு நாலு மாசமாடா? செவுத்துல சுவிட்சு அதத்தான பண்ணுது?" என்றேன். "சுவிட்ச சட்டப்பையில போட்டுக்க முடியாதேக்கா" என்று சிரித்தான். அந்த நிரலைத் திறந்தேன். அதன் தலைமாட்டில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறான்: "விழிக்காக. பஸ்ஸ விட்டு எறங்கி வரப்புல வரும்போது பாம்பு பயம். ஈரக் கையில திரை கேக்காது, பட்டன் கேக்கும்."

உனக்கு இது சேர வேண்டும் என்று தோன்றியது. போனை அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை.

பிரகதீஸ்வரி

*

நெடுவாய்க்கால்
25 ஜூலை 2024

அண்ணி,

என் போனிலும் அந்தப் பட்டன் இருக்கிறது. அவர்தான் போட்டுக் கொடுத்தார். அதற்குத் தலைமாட்டில் என் பெயர் இருப்பது தெரியாது.

நேற்று அரிசி டிரம்மில் இருந்து போனை எடுத்துவிட்டேன். இந்தப் பார்சலில் இருக்கிறது. மழையில் போகும்போது எல்லாரும் செய்கிற மாதிரி பாலித்தீன் கவரில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அந்தக் கவரும் உள்ளேயே இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திறக்கும் எண் எங்கள் கல்யாணத் தேதி.

அனுப்பாமல் இருந்ததற்கு நீங்கள் காரணம் இல்லை. நான்தான். அன்று மத்தியானம் சண்டை. சிங்கப்பூர் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து நின்றார். ரிப்பேருக்கு வந்த போன்கள் ஒரு தட்டு நிறையக் கிடக்க, இவர் கெர்னல் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஒங்கக்கா சொல்றது சரிதான், நீங்க ஒண்ணுத்துக்கும் ஆவ மாட்டீங்க" என்றேன். அவர் லேப்டாப்பை மூடி வைத்தார். சாயங்காலம் வாசலில் போய் நின்று உங்களைக் கூப்பிட்டார். பிறகு மதகுக்குப் போனார்.

ஊர் பேசுவதை நான் ஏன் ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை என்று இப்போது தெரிகிறதா? அதுதான் நிஜமோ என்று எனக்கே பயம். அந்த போன் திறந்தால் அதில் என் வார்த்தைக்குப் பதில் இருக்கும்.

ஒரே நிபந்தனை. எது இருந்தாலும் எனக்குச் சொல்ல வேண்டும். பாதி சொல்லக் கூடாது.

சுடர்விழி

*

தஞ்சாவூர்
1 செப்டம்பர் 2024

அன்புள்ள சுடர்விழி,

திறந்துவிட்டது.

முதலில் போனை இங்கே ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஃபாஜிலிடம் கொண்டுபோனேன். குணாவிடம் தொழில் சந்தேகம் கேட்டுப் பழகியவன். பேட்டரியை மாற்றினான். போன் எழுந்து, கம்பெனி பெயரைக் காட்டி, அணைந்து, மறுபடி எழுந்தது. அப்படியே ஒரு மணி நேரம். "மேடம், டச் சிப்பு செத்துப்போச்சு. முழிக்கிறப்ப எல்லாம் போனு மொதல்ல அதத்தான் கூப்பிடுது. பதில் வரலன்னதும் படுத்துடுது. மறுபடி முழிச்சு மறுபடி அதையே கூப்பிடுது" என்றான். உள்ளே இருப்பதைக் கழற்றி வேறு போனில் போட்டுப் படிக்கவும் முடியாது. இந்தப் போனின் சர்க்யூட் பலகை உயிரோடு எழுந்தால்தான் பூட்டு திறக்கும். "செத்தத கூப்பிடாத கெர்னல் ஒண்ணு கட்டணும். குணாண்ணன் இருந்தா ஒரு மத்தியானத்துல முடிச்சிருக்கும்."

எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. கம்பெனி வெளியிட்ட மூலம் முழுமையாக இல்லை. அது பழைய பதிப்பு. டச் சிப்புக்கான கோப்புறையே காலி. காலியாக இருந்ததை குணா வேறு மாடல்களின் மூலத்திலிருந்து துண்டு துண்டாக எடுத்து நிரப்பியிருந்தான். ஒவ்வொரு துண்டுக்கும் எங்கே எடுத்தது என்று குறிப்பு. அவன் ஒரு வருஷமாகத் தைத்ததை நான் பிரித்தேன். ஓரிடத்தில் பிரித்தால் சம்பந்தமே இல்லாத இன்னோரிடத்தில் கட்டுமானம் நின்றுவிடும். பதினாறு முறை தோற்றேன். இருநூற்று முப்பத்தோராவது கெர்னலில் போன் எழுந்து நின்றது. அதிலும் கட்டியவர் குணா என்றுதான் இருக்கிறது. தேதி மட்டும் என்னுடையது.

கேபிளில் கீபோர்டு மாட்டி உங்கள் கல்யாணத் தேதியை அடித்தேன். பதினோரு நிமிஷம் உயிரோடு இருந்தது. அதற்குள் குறிப்புக் கோப்பை இறக்கிவிட்டேன். பிரதி எடுத்து இதில் வைத்திருக்கிறேன்.

நீ பயந்த மாதிரி இல்லை, சுடர்விழி. மாலை 6.22க்கு டார்ச்சைப் போட்டிருக்கிறான். 6.31க்குச் சார்ஜ் போடும் துளையில் ஈரம் என்று கெர்னல் எழுதியிருக்கிறது. அதன் பிறகு ஒரே ஒரு வரி, மின்சாரம் நின்றது என்று. சாகப் போகிறவன் எங்கே கால் வைப்பது என்று லைட் அடித்துப் பார்க்க மாட்டான். கால் வழுக்கிவிட்டது. சட்டென்று முடிந்துவிட்டது. உன் வார்த்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை நீ நம்பலாம்.

பிரகதீஸ்வரி

*

நெடுவாய்க்கால்
14 செப்டம்பர் 2024

அண்ணி,

உங்கள் கடிதத்தை நான்கு நாள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். பத்து மாதத்தில் அப்படித் தூங்கியதில்லை. வீரையன் அண்ணனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். "நான் அப்பவே சொன்னேன்ல, மதகுப் படி பூரா பாசிம்மா" என்று அழுதார்.

ஐந்தாம் நாள்தான் அந்தப் பிரதியைப் பார்த்தேன்.

கடையில் நான் பில் எழுதிக்கொண்டு மட்டும் இருந்தேன் என்று நினைத்துவிட்டீர்கள். அவர் கெர்னல் குறிப்பைத் திரையில் ஓடவிட்டு, "விழி, ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி ஒரு நம்பர் இருக்குல்ல, அதான் கடியாரம். போனு முழிச்சதுலேர்ந்து எத்தன வினாடின்னு" என்று சொல்லித் தந்திருக்கிறார். தப்பு எங்கே என்று நானே விரலை வைத்துக் காட்டியும் இருக்கிறேன்.

ஈரம் என்ற வரிக்கு முன்னால் 51872. மின்சாரம் நின்றது என்ற வரிக்கு முன்னால் 53012. கழித்துப் பார்த்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது. பத்தொன்பது நிமிஷம்.

பத்தொன்பது நிமிஷம் ஒரு வரிகூட எழுதாமல் கெர்னல் சும்மா இருக்காது. சட்டென்று முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் இருந்ததை எடுத்தது நீங்கள்தான். நம்பரை மாற்ற உங்களுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் எடுத்தீர்கள் என்றும் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஜன்னலில் வெளிச்சம் பார்த்தேன் என்று நானே உங்களுக்கு எழுதினேன்.

மீதியை அனுப்புங்கள்.

சுடர்விழி

*

தஞ்சாவூர்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள சுடர்விழி,

அவனையும் இப்படித்தான் குறைவாக நினைத்தேன். இவளுக்கு எங்கே எண் படிக்கத் தெரியப்போகிறது என்று எண்ணியதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டு பக்கத்தையும் இதனுடன் வைத்திருக்கிறேன். தனியாக இருக்கும்போது படிக்காதே. வீரையனையாவது வாசலில் உட்காரச் சொல்.

ஈரம் என்ற வரிக்கு அப்புறம் டார்ச் முப்பத்தொரு முறை எரிந்து அணைந்திருக்கிறது. விழுந்தவன் ஆகாயத்தாமரையில் சிக்கிக்கொண்டிருக்க வேண்டும். போன் கவருக்குள், சட்டைப்பையில், தண்ணீருக்கு மேலாக இருந்திருக்கிறது. ஈரக் கைக்குத் திரை கேட்காது. உனக்காகச் செய்த அந்தப் பட்டன் மட்டும் துணிக்கு வெளியிலிருந்தே கேட்டிருக்கிறது. அவனுக்கு வாழத்தான் ஆசை இருந்தது. நான் போன கடிதத்தில் எழுதியதில் அது ஒன்று பொய் இல்லை.

நீ பார்த்தது அந்த வெளிச்சமா என்று எனக்குத் தெரியாது. மழை, கவர், சட்டைத் துணி, மூன்று வயல் தூரம். வீரையனின் டார்ச்சாக இருந்திருக்கலாம். ஆனால் நீ அதை வாழ்நாள் முழுக்கச் சுமப்பாய் என்று பயந்தேன். அதனால்தான் எடுத்தேன். இப்படி எழுதினால் நல்லவள் மாதிரி இருக்கிறது. எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு.

52655 என்ற வரியைப் பார். அதிர்வு மோட்டார் ஓடியது என்று இருக்கும். இருபத்தாறு வினாடி. மாலை 6.44.

அது என் அழைப்பு.

கூட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. லீவு நாள். பால்கனியில் காபியோடு உட்கார்ந்து, அவன் பெயர் மூன்று முறை வந்து போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரை வேண்டாம் என்று சொன்னதற்கு விளக்கம் கொடுக்கக் கூப்பிடுகிறான், கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து மனசு கேட்காமல் கூப்பிட்டேன். முழுக்க மணி அடித்தது. எடுக்கவில்லை. 'பார், பழிக்குப் பழி வாங்குகிறான்' என்று போனை வைத்தேன். இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

அந்த இருபத்தாறு வினாடிக்குள் டார்ச் ஏழு முறை எரிந்து அணைந்திருக்கிறது. மார்பில் போன் அதிர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று தெரிகிறது, எடுக்க முடியவில்லை. தன் விரலுக்குக் கட்டுப்பட்ட ஒன்றைச் செய்திருக்கிறான். எனக்கு வெளிச்சத்தால் பதில் சொல்லியிருக்கிறான் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. வெறும் பதற்றம் என்று இன்னொரு நேரம் தோன்றுகிறது. கெர்னல் பட்டன் அமுங்கியதை மட்டும்தான் எழுதும்.

அந்த மூன்று அழைப்பில் என்ன சொல்ல வந்தான் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. தேடிவிட்டேன்.

போன் எழுந்த அந்தப் பதினோரு நிமிஷமும் திரையின் மேல் ஓரத்தில் ஒரு வரி இருந்தது. 'அக்கா, 1 தவறிய அழைப்பு.' கோப்பு இறங்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

போனையும் லேப்டாப்பையும் ஃபாஜிலிடம் கொடுத்து அனுப்புகிறேன். இரண்டும் உன்னுடையவை.

பிரகதீஸ்வரி

*

நெடுவாய்க்கால்
10 அக்டோபர் 2024

அண்ணி,

ஃபாஜில் தம்பி வந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். சாப்பிட்டது.

இரண்டு பக்கத்தையும் படித்தேன். வீரையன் அண்ணனை வாசலில் உட்கார வைக்கவில்லை. அடுப்படியில் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு படித்தேன். முப்பத்தொன்றையும் விரல் வைத்து எண்ணினேன்.

அது அவர் வெளிச்சமா, அண்ணன் வெளிச்சமா என்று தெரியாமல் என்னால் இருக்க முடியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று நீங்கள் எழுதியதை வைத்துக்கொண்டு நான் உலை வைக்க முடியாது. அதனால் நேற்று சாயங்காலம் என் போனை அவருடைய கவரில் சுற்றி, அவர் சட்டை ஒன்றின் பையில் போட்டுக்கொண்டு மதகுக்குப் போனேன். பட்டனை அழுத்தினேன். எரிந்தது. கவருக்குள், துணிக்குள், மஞ்சளாக. வீட்டிலிருந்து அது தெரிகிறதா என்று பார்க்க வீட்டில் யாரும் இல்லை. வீட்டுக்கு ஓடி வந்தால் மதகில் யாரும் இல்லை. தனியாக இரண்டு இடத்திலும் நிற்க முடியவில்லை அண்ணி.

ஊர்க்காரர்கள் யாரையும் கூப்பிட எனக்கு இஷ்டம் இல்லை.

வருஷத் திவசத்துக்கு எல்லாரும் வருவார்கள். நீங்கள் அதற்கு முன்னாலேயே வாங்க. மழை பிடித்ததும் வாங்க. மழை இருந்தால்தான் அது அன்றைய மாதிரி இருக்கும். யார் மதகில் நிற்பது, யார் ஜன்னலில் நிற்பது என்று வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருந்ததை இன்று காலை எடுத்துவிட்டேன். மதகில் நிற்கிறவர் கூப்பிட்டால், ஜன்னலில் நிற்கிறவர் எடுக்க வேண்டும்.

சுடர்விழி